பிழை இல்லை என்றது பெட்டி

கம்ப்யூட்டர் ‘பிழை இருக்கிறது’ என்றால் ஹில்யே நிம்மதியாகக் காபி குடிப்பாள். ‘பிழை இல்லை’ என்றால் காபியைத் தொடமாட்டாள். அவள் வேலை அப்படி. அதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும், வேலைதான்.

குரோனிங்கனுக்கு வடக்கே கால்வாய் கடலைத் தொடுகிற இடத்தில் படகுகள் நிற்க ஒரு பெரிய தொட்டி. அதற்கு இந்தப் பக்கம் கால்வாய்க் கதவு, அந்தப் பக்கம் கடல் கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் கடல் உள்ளே பாயும், தொட்டிக்குள் நிற்கிற படகு சுவரில் மோதி நொறுங்கும். அதனால் கதவுகள் கம்பி வழியே பேசிக்கொள்ளும். “மூடிட்டியா?” என்று ஒன்று கேட்கும். “மூடிட்டேன்” என்று பதில் வந்தால்தான் திறக்கும். அந்தப் பேச்சு எங்கே தடுமாறும் என்று பார்ப்பது ஹில்யே. கதவுகளைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பொம்மையாகச் செய்து, எத்தனை விதமாகப் பேச முடியுமோ அத்தனை விதமாகவும் பேசவிடுவாள். சொல் தொலையலாம், இரண்டு தடவை வரலாம், பிந்தி வரலாம்.

போன மாதம் அந்தச் சோதனை முடியவே இல்லை. பேசும் விதங்கள் பெருகிப் பெருகிப் பெட்டி திணறி நின்றது. ரூலோஃப், அவளுக்கு மேலதிகாரி, வாசலில் வந்து வந்து நின்றான். பொம்மையைச் சின்னதாக்க ஹில்யே ஒரு வரி சேர்த்தாள்: பிந்தி வருகிற பதிலைப் பார்க்க வேண்டாம். உடனே ‘பிழை இல்லை’. ரூலோஃப் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தான்; அந்தப் பேச்சு நிஜக் கதவுகளுக்கும் போனது. வேண்டுமென்றே ஒரு தப்பைப் புகுத்தி, பெட்டி ‘பிழை’ என்று கத்துகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த ஆபீஸில் எதையும் நம்புவார்கள். அன்றைக்குக் கேக் வந்ததில் அது விட்டுப்போனது.

இன்று காலை இருட்டு விலகுமுன்னே காற்று ஜன்னலை அறைந்தது. ஹில்யே கோட்டைக் கூடக் கழற்றாமல், அன்று விட்டதைச் செய்து பார்க்க உட்கார்ந்தாள். கடல் கதவு கேட்காமலே திறக்கட்டும் என்று எழுதி ஓட்டினாள்.

பிழை இல்லை.

கண்ணெதிரே பொம்மைக் கதவு திறந்து கிடக்கிறது, பெட்டி சும்மா இருக்கிறது. பொம்மையில் எல்லாப் பதிலும் கொஞ்சமாவது பிந்தித்தான் வரும்; அந்த ஒரு வரி, பார்க்க வேண்டிய வழிகளையெல்லாம் அடைத்துவிட்டிருந்தது. புகுத்திய தப்பையும் அந்த வரியையும் எடுத்தாள். பெட்டி திணறாமல் இருக்கப் பொம்மைப் படகுகளை மட்டும் குறைத்தாள். பெட்டி கத்தியது. கடல் கதவு கேட்கிறது, பதில் பிந்துகிறது, மறுபடி கேட்கிறது. முதல் பதில் வந்ததும் திறந்து மூடுகிறது. இரண்டாவது பதில் கம்பியிலேயே கிடந்து, அடுத்த படகு வரும்போது வருகிறது. “மூடிட்டேன்.” அப்போது கால்வாய்க் கதவு திறந்திருக்கிறது; பழைய பதிலை நம்பிக் கடல் கதவும் திறக்கிறது.

அவள் புருஷன் தியார்ட் சரளைக்கல் படகோடு அந்தத் தொட்டிக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். கடல் ஏறியிருந்தது. போன் போட்டாள்.

“தொட்டிக்குள்ள போகாத.”

“பாதிப் படகு உள்ள வந்தாச்சு, புள்ள. பின்னால மூணு பேர் ஹாரன் அடிக்கிறானுங்க. உன் பொம்மைங்க சண்டை போட்டுக்குதா?”

“பின்னால எடு தியார்ட்.”

“சரளைய வச்சுக்கிட்டு பின்னால எடுக்க இது என்ன சைக்கிளா?” சிரித்தான். அவள் சிரிக்காததைக் கவனித்து, அவனும் நிறுத்தினான்.

போனைக் கையில் பிடித்தபடியே ரூலோஃபிடம் ஓடினாள்.

“கதவுகள நிறுத்தச் சொல்லுங்க. கையால ஓட்டட்டும்.”

“கேக் தின்னப்போ இந்தப் பயம் எங்க போச்சு?”

“அன்னிக்குத் தப்ப வச்சுப் பாக்கல. நான்தான் பாக்கல. திட்டுறத அப்புறம் திட்டுங்க, இத இப்பப் படிங்க.”

ரூலோஃப் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான். கடைசி வரிக்கு முன்னாலேயே விரல் நின்றது. தொட்டிக் காவல்காரருக்குப் போன் போட்டான். “கரண்ட்ட புடுங்கு. இப்பவே.”

ஹில்யேவின் கையில் இருந்த போனில் மோட்டார் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தக் கதவின் உறுமல் என்று தெரியவில்லை. உறுமல் நின்றது.

“என்னமோ நின்னுபோச்சு,” என்றான் தியார்ட்.

“எந்தக் கதவு?”

“தெரியல, விளக்கெல்லாம் அணைஞ்சு இருட்டாப் போச்சு. ஒண்ணும் ஆகல புள்ள.”

“ஆகலன்னு சொல்லாத. நாம பாக்கல, அவ்வளவுதான்.”

கதவுகளைக் கையால் சுற்றிச் சுற்றி அவனை வெளியே விட வெகுநேரம் ஆனது. மற்றப் படகுக்காரர்கள் ரேடியோவில் அவன் வம்சத்தையே திட்டினார்கள். பழைய பதில் அன்றைக்குக் கம்பியில் கிடந்ததா என்று யாருக்கும் தெரியாது.

ஹில்யே நாற்காலிக்குத் திரும்பினாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண், அதே எண்ணோடு வந்தால்தான் பதில் செல்லுபடியாகும் என்று எழுதினாள். ஓட்டினாள். பிழை இல்லை. கடல் கதவு கேட்காமலே திறக்கட்டும் என்று தப்பைப் புகுத்தி ஓட்டினாள்.

பெட்டி கத்தியது. அதற்குப் பிறகுதான் கோட்டைக் கழற்றினாள்.