வீம்புக்குத் திறந்த பாட்டில்

திருப்பதியில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நகரி சாயப்பட்டறைக்குப் பக்கத்து நிலத்துக்காரர் தன் கிணற்றுத் தண்ணீரோடு மறுபடியும் வந்து நின்றார்.

"நல்ல தண்ணின்னு எய்திக் குட்த்தியே, நீ குடிப்பியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மீட்டர் சரி என்று காட்டி அவர் வாயை அடைக்கவே, அமிலமா காரமா என்று அளக்கும் பிஎச் மீட்டரைச் சரிபார்க்கும் கரைசலின் புதுப் பாட்டிலை அவர் எதிரில் திறந்து மீட்டரை முக்கினேன். ஏழு காட்ட வேண்டியது ஆறு காட்டியது.

மீட்டரை முக்கியெடுத்த கரைசலைச் சிக்கனம் என்று பழைய பாட்டிலிலேயே திரும்ப ஊற்றுவது எங்கள் வழக்கம். கெட்டுப்போன அதை வைத்தே மீட்டரைத் திருத்தி, அதை வைத்தே சரி என்றும் சொல்லிவந்திருக்கிறோம். அவர் தண்ணீரின் காரமும் உள்ளதைவிடக் குறைவாகவே தெரிந்திருக்கிறது.

"மீட்டர் தப்பு," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். "மாட்டுக்கு அந்தத் தண்ணி காட்டாத. காட்டிட்டியா?"

அவரை மட்டம் தட்ட நினைத்திராவிட்டால் அந்தப் பாட்டிலை நான் திறந்தே இருக்கமாட்டேன்.