சிரட்டையில் ஊற்றிய வெல்லம்

என் நாவல் நான்கு வருடமாகப் பதினெட்டாம் அத்தியாயத்திலேயே படுத்துக் கிடந்தது. கேட்பவர்களிடம் வயல் வேலை, நேரமில்லை என்பேன். பச்சைப் பொய். படித்துக் காட்ட ஆள் இல்லை, அதனால் எழுதவில்லை.

ஆள் என்றால் என் தங்கை. கொல்லங்கோட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவளை மறையூரில் கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சும் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுதிய கையோடு போனில் அவளுக்கு வாசிப்பேன். முடித்ததும் "அப்பறம்?" என்பாள். அதைக் கேட்பதற்காகவே அடுத்ததை எழுதுவேன்.

பதினெட்டாவதை மட்டும் அவளிடம் சொல்லாமல், சொந்தக்காரர் வீட்டு விருந்தில் வாசித்துத் தொலைத்தேன். கல்யாணமான புதிதில் பிறந்த ஊருக்குத் திரும்பும் வழியான உடுமலை பஸ் வரும் நேரத்துக்குத் தினமும் ஸ்டாப்பில் போய் நின்று, அது கிளம்பிப் போனதும் வீடு திரும்பும் ஒரு பெண் அதில் வருகிறாள். அந்தப் பெண் என் தங்கைதான். என்னிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. ஒரு வாரத்துக்குள் அவள் மாமியார் காதுக்குப் போய்விட்டது.

"என்ற மனசுல கெடந்தத எடுத்து ஊருக்கே படிச்சுக் காட்டிட்டீங்களேக்கா" என்று போனை வைத்தவள், பிறகு எடுக்கவே இல்லை. கதைதானே, இதற்கென்ன இவ்வளவு கோபம் என்று நானும் வீம்பு பிடித்தேன். வீம்புக்கு எனக்கு என்றைக்குமே பஞ்சமில்லை.

போன மாதம் ஒரு வாட்ஸ்அப் குழுவில், பாதியில் நிற்கும் நாவலை முப்பது நாளில் முடிக்கும் போட்டி வைத்தார்கள். ரோஷத்தில் பெயர் கொடுத்தேன். மதியம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உட்கார்ந்து, போனிலேயே கட்டைவிரலால் தட்டுவேன். அன்றன்று எழுதியதைக் குழுவில் போட்டால் கைதட்டும் பொம்மைகள் வந்து விழும். ஒருவர்கூட "அப்பறம்?" என்று கேட்கவில்லை. அவள் குரலுக்கு அப்படி ஏங்கினேன்.

முப்பதாம் நாள் மதியம் கடைசி அத்தியாயம் முடிந்தது. அக்கா மறையூருக்குப் போகிறாள். தங்கை சூடான வெல்லத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறாள், இருவரும் ஒரே சிரட்டையில் விரல் விட்டுத் தின்கிறார்கள். எழுதும்போதே அழுதேன். மாலை ஆறு மணிக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் அதை என் குரலில் பதிவுசெய்து தங்கைக்கு அனுப்பினேன். "தப்பு என்னுதுதான் கண்ணு" என்று கடைசியில் சேர்த்திருந்தேன்.

கேட்டுவிட்டாள் என்று போன் காட்டியது. பிறகு அவள் குரல் வந்தது.

"சிரட்டையில ஆருங்க்கா ஊத்தறது? அது நம்மூருக் கருப்பட்டிக்கு. இங்க சூடு ஆறறதுக்குள்ள கையில உருட்டோணும். கட்டிக் குடுத்து இத்தன வருசமாச்சு, ஒருக்காகூட வந்து பாக்கல நீங்க."

கரும்பாலைச் சத்தத்துக்கு நடுவே தொடர்ந்தாள். "நாளைக்குக் காய்ச்சறோம். உடுமலைல பஸ் ஏறிட்டுச் சொல்லுங்க. ஸ்டாப்புல வந்து நிக்கறேன்."

நாவல் முடியவில்லை என்று குழுவில் எழுதிவிட்டு, துணிப்பையைத் தேட எழுந்தேன்.