ரெஜினா அக்கா வரையாமல் விட்ட கை

காலையில் பாண் ரொட்டி விற்கும் வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டு அம்மா வாசலுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பாண் இல்லை.

"ரெஜினா மோசம் போயிட்டாவாம். விடியக்காலம், புத்தளம் ஆஸ்பத்திரியில."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "இந்த வீட்டில அவட கதை வேண்டாம்" என்றார். அதனால்தான் அவரை அடக்கம் செய்த இன்றிரவு, எல்லோரும் படுத்த பிறகு இதை எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

நமது பங்குக் கோவிலின் சிறுவர் இதழை வாசிப்பவர்களுக்கு ரெஜினா அக்காவைத் தெரியும். கடைசிப் பக்கப் படம் எப்போதும் அவருடையது. உள்ளங்கை அளவு இடத்தில் கருவாடு காயும் ஒரு மீன்வாடியே இருக்கும். நாய் கருவாட்டை இழுக்கும், அந்த நாயின் வாலை ஒரு குழந்தை இழுக்கும். திருவிழாப் படத்தில் கொடி ஏற்றுபவர் இடுப்பில் உடுத்த சாரத்தை ஆடு தின்றுகொண்டிருந்ததை எங்கள் வகுப்பில் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். ஓடிப்போய் அவருடைய வேலிக்கு வெளியே நின்று கத்தினேன்.

"அக்கா, ஆடு!"

"அது எல்லாருக்கும் தெரியுமடி. போய் வடிவாப் பார்."

வடிவாக, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் கட்டம் போட்ட சாரத்தோடு ஒரே ஆள் வந்தார். கொழுத்த கன்னம், சிரித்த முகம். ஆனால் அவருடைய வலது கை ஒருபோதும் தெரியவில்லை. கூடைக்குப் பின்னால் இருக்கும், அல்லது யாராவது மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

"உங்களுக்குக் கை வரைய வராதா அக்கா?" என்று பகிடியாகக் கேட்டேன்.

அக்கா தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். "அது என்ட தம்பி. கடலில மீனுக்கு டைனமைட் போடப்போய் கை போச்சு. இல்லாததை எப்பிடி வரையிறது? இல்லையெண்டு காட்டவும் மனம் வரேல்ல." பிறகு அவரே சிரித்தார். "ஆனா படத்தில அவனுக்கு நல்ல தீனி குடுத்திருக்கிறன், பார்."

அவர் கடைசியாக வரைந்தது கடல். அதில் ஒரு வள்ளம் எங்களுடையது. ஒட்டுப் போட்ட இடம்கூட அப்படியே இருந்தது. "அப்பா, நாங்க இதில இருக்கிறம்!" என்று ஓடினேன். அப்பா அந்தப் பக்கத்தை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஒரு கிழமை கழித்துத்தான் கவனித்தேன். மற்ற வள்ளங்களைச் சுற்றி மீன்கள் நீந்தின. எங்கள் வள்ளத்தைச் சுற்றி அவை வயிறு மேலே தெரிய மிதந்தன. அப்பாவின் வலது கை வலைக் குவியலுக்குப் பின்னால் இருந்தது.

நான் வாயை மூடியிருக்க வேண்டும். "அப்பா, உங்கட கை எங்கே?" என்று கேட்டுவிட்டேன்.

அப்பா படத்துக்குக் கிட்டப் போய் நின்றார். பிறகு அதைக் கிழித்தெடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போய் வேலியோடு ஒட்டி நின்றேன்.

"என்னைப் பிடிச்சுக் குடுக்கப் பாக்கிறியா, ரெஜினா?"

"பொலிஸ் சின்னப் பிள்ளைகளின்ட புத்தகம் பாக்கிறதில்ல அண்ணே. நீங்க பாப்பீங்க எண்டுதான் வரைஞ்சன்."

"கையை வரை."

"நீங்க அதை விடுங்க. அடுத்த மாசமே வரையிறன்."

அடுத்த மாத இதழுக்கு முன்பே அக்காவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அப்பா இன்னும் விடவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. அங்கே அக்காவின் தம்பி இடது கையால் மண் அள்ளிப் போட்டதை நான் பார்த்தேன்.

இதை வாசித்தால் நீங்கள் பழைய இதழை எடுத்து அந்தப் படத்தைப் பார்ப்பீர்கள். யாருடைய வள்ளம் என்று தெரிந்துவிடும். அதனால் இதை யாரிடமாவது கொடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கையை நானே வேறொரு தாளில் பென்சிலால் வரைந்து பார்த்தேன். சரியாக வரவில்லை, அழித்துவிட்டேன்.

சற்று முன் அப்பா எழுந்து போனார். கரையில் வள்ளத்தின் எஞ்சின் சத்தம் கேட்டது. அது கடல்பக்கம் போய் இப்போது ஓய்ந்துவிட்டது. விடிந்ததும் வந்து தேத்தண்ணி கேட்பார். அவர் கோப்பையைப் பிடிக்கும்போது நான் விரல்களை எண்ணுவேன். வடிவாகப் பார் என்று அக்கா சொன்னதில் என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.