கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

அகதியாகப் படகில் வந்து பதின்மூன்று வருடங்கள் கழித்து எனக்கு நிரந்தர விசா கிடைத்தது. அதன் பின்னால், பாஸ்போர்ட்டுக்குப் பதிலான பயணப் பத்திரமும் தபாலில் வந்தது. அதுவரை நான் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது. இப்போது இலங்கை தவிர எங்கும் போகலாம். அந்தத் 'தவிர'வை வாசித்துவிட்டு, பத்திரத்தை மூடி வைத்தேன். பிறகு மறுபடியும் திறந்தேன்.

யாரிடம் போவது? எனக்கு ஒருவன்தான் இருந்தான். சிட்னியில், லிட்கம்மில் நான்கு வருடம் ஒரே அறையில் என்னோடு இருந்தவன். மாணவ விசாவில் வந்து, கூடப் படித்த ஜப்பானியப் பெண்ணைக் கலியாணம் செய்து, அவருடைய ஊருக்கே போய்விட்டான். நான் மெல்பேர்னுக்கு மாறி, ட்ருகனினாவில் ஒரு வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் போனில் "எப்ப இஞ்சால வாறாய்?" என்று கேட்பான். நான் கதையை மாற்றிவிடுவேன்.

ஆகஸ்டில் பத்து நாள் லீவு எடுத்தேன். பத்திரத்தை ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டேன். விமானத்தில் எத்தனை தடவை தடவிப் பார்த்தேனோ தெரியாது. பக்கத்திலிருந்த பெண் எனக்கு நெஞ்சு வலியோ என்று கேட்டார்.

நண்பனின் வீடு ஜப்பானின் நகானோ மலைகளுக்கிடையில், நெல் வயல்களின் நடுவில் இருந்தது. "வாங்கோ, களைச்சுப் போனியளோ?" என்று அவன் மனைவி வாசலில் நின்று கேட்டார். புருஷனிடம் கற்ற யாழ்ப்பாணத் தமிழ்.

அடுத்த நாள் ஐந்து மணிக்கே எழும்பிவிட்டேன். வேலைக்குப் போகிற நேரம். உடம்புக்கு லீவு விளங்கவில்லை. வீட்டில் இருவரும் தூக்கம். வெளியே போய் வயல் வரம்பில் நடந்தேன். நெல் கதிர் தள்ளத் தொடங்கியிருந்தது. சிள்வண்டுகள் அந்த நேரத்திலேயே கத்தின. வரம்பில் மெஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார்.

நான் யோசிக்கவில்லை. சட்டைக்குள் கையை விட்டுப் பத்திரத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் திகைத்துப்போனார். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அதை வாங்கினார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிகவும் கவனமாகத் தலையாட்டினார். திருப்பித் தந்துவிட்டுக் குனிந்து வணங்கினார். பிறகு தன் சின்ன லொறிக்குப் போய் மூன்று வெள்ளரிக்காய்களை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

நண்பனின் மனைவி பிறகு அவரிடம் விசாரித்து வந்து சொன்னார். "இந்த வெக்கையில நித்திரை வந்ததோ எண்டுதான் கேட்டவர்."

நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

மூன்றாம் நாள் மலைக்குள் இருந்த ஒரு தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே கார் விடமாட்டார்கள், பஸ்ஸில்தான் போகவேண்டும். கரடி உலாவும் காடு, சத்தம் கேட்டால் அது விலகிவிடும் என்று நண்பனின் மனைவி தன் பையில் ஒரு மணியைக் கட்டியிருந்தார். ஆறு கண்ணாடிபோல ஓடியது. ஒரு மணித்தியாலம் நடந்தால் ஒரு குளம் வரும் என்றார்கள்.

"கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"ஐஞ்சு மணிக்கு. இப்ப பதினொண்டு."

பாலத்தில் மறுபடி கேட்டேன். மரப்பலகைப் பாதையில் மறுபடி. நான்காவது தடவை நண்பன் நின்றுவிட்டான்.

"மச்சான், நீ ஆத்தைப் பாத்தனியோ? பஸ் நேரத்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாய். உன்னை இஞ்ச ஒருத்தரும் தேடேல்லை."

"உனக்கு விளங்காதடா. உன்ர கையில எந்த நாளும் பாஸ்போர்ட் இருந்தது."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரிந்தது. முன்னால் போன ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. நண்பன் நிலத்தைப் பார்த்தான். அவனுடைய மனைவி மணி கிலுங்கத் திரும்பி வந்தார்.

"ஏலாட்டித் திரும்புவம். குளம் எங்கயும் போகாது."

திரும்பினோம். பத்து நிமிடம் நடந்தோம். இந்த ஒரு நாளுக்காக அவர் வேலையில் லீவு கேட்டிருந்தார், விடிய எழும்பிச் சோற்று உருண்டைகள் பிடித்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட என்மேல் கோபம் அதிகமாக இருந்தது. நின்றேன்.

"குளத்தைப் பாப்பம்."

"உண்மையாவோ?" என்றான் நண்பன்.

"ஓம். கதைக்காமல் நட."

குளத்தின் அடியில் கிடந்த கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒரு வாத்து தன் குஞ்சுகளோடு எங்களை நோக்கி வந்து, எங்களில் அக்கறையில்லாமல் விலகிப்போனது. கொஞ்ச நேரம் அதை மட்டும்தான் பார்த்தேன். பிறகு, மெல்பேர்னில் இறங்கும்போது அதிகாரிகள் என்ன கேட்பார்கள் என்ற நினைப்பு வந்தது. கை தானாகச் சட்டைக்குள் போனது. நண்பனின் மனைவி அந்தக் கையை இழுத்து அதில் ஒரு சோற்று உருண்டையை வைத்தார். "முதல்ல சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். பஸ் நிற்கும் இடத்துக்கு நாங்கள் வந்தபோது மணி மூன்றரைகூட ஆகவில்லை. நண்பன் ஐஸ்கிரீம் வாங்கிவந்தான்.

மெல்பேர்ன் விமான நிலையத்தில் அதிகாரி பத்திரத்தைப் புரட்டினார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எப்போது வந்தாய், எப்படி வந்தாய், ஏன் போனாய் என்று எதைக் கேட்டாலும் சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"ஜப்பான் எப்படி இருந்தது?" என்றார்.

"வெரி ஹொட்," என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு யூ யாங்ஸ் மலைக்குப் போனேன். நெடுஞ்சாலையிலிருந்து பல வருடங்களாகப் பார்த்துக் கடந்துபோன மலை. ஒரு நாளும் காரைத் திருப்பியதில்லை. ஜப்பானில் வெக்கை, இங்கே குளிர்காற்று காதை அறுத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அப்போது நண்பனிடமிருந்து போன் வந்தது.

"எங்க நிக்கிறாய்?"

"மலையில. ஒரு கல்லில இருக்கிறன்."

"எவ்வளவு நேரமா?"

"இருவது நிமிசம். எழும்பத்தான் பாக்கிறன்."

"இருடா," என்றான்.

இன்னும் இருபது நிமிடம் இருந்தேன்.