பின்சீட்டு பிரேக்

பிரேக் இல்லாத இருக்கையில் ஒரு டிரைவிங் மாஸ்டர் உட்காருவாரா? சைக்கிள் கடைக்காரர் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளியை முடித்த கையோடு அந்த மாஸ்டரிடம்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்தவர்கள் யாரும் 'உட்காருவார்' என்று சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். நடந்ததை அவரும் அவர் வீட்டாரும் சொல்லக் கேட்டு, புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியில். எங்கள் மாஸ்டரின் வலது கால் அந்த இரண்டாவது பிரேக்கை விட்டு விலகியதே இல்லை. அவருடைய செருப்புகளில் வலது செருப்பு மட்டும்தான் தேயும். தியேட்டரில் படம் பார்க்கும்போது திரையில் கார் வேகமாகப் போனால், முன்சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். மாஸ்டரின் கால் அவர் முதுகை அழுத்திக்கொண்டிருக்கும்.

"அப்பா, அது படம். அவங்க ஏற்கெனவே ஓட்டி முடிச்சிட்டாங்க" என்று மகள் காதைக் கடிப்பாள்.

"முடிச்சா என்ன? வளைவுல அவ்ளோ வேகமா போலாமா?" என்பார் மாஸ்டர்.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், அதனால் நானும் அக்கா என்றே எழுதுகிறேன். கடையின் பின்னறையில், ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை. அங்கே உட்கார்ந்து லென்ஸை ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. கடுகைவிடச் சிறிய திருகாணிகள். ஒன்று கீழே விழுந்தால் கடையில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள், யார் காலிலாவது மிதிபட்டுவிடக் கூடாதே என்று. ஆனால் அக்கா கையிலிருந்து எதுவும் விழுந்ததாக யாருக்கும் நினைவில்லை.

இப்படி நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவருக்குப் பிடித்த ஒரே விஷயம், சைக்கிளில் மேட்டிலிருந்து இறங்குவது. கடைக்குப் போகிற வழியில் இருக்கும் பாலத்துச் சரிவில் ஆரம்பித்த ஆசை அது. எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு ஒரு முறை பெரிய சைக்கிள் பயணம் ஒன்று நடக்கும். ஒரே நாளில் மூன்று மலை. அன்றைக்கு அந்தச் சாலையில் வேறு வண்டிகளை விடமாட்டார்கள். மூன்றாவது மலையின் இறக்கம் காட்டுக்குள்ளே வளைந்து வளைந்து போகும். போய் வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது கையையே சைக்கிளாக்கிக் காட்டுவார்கள்.

அக்கா இரண்டு வருடம் முயன்றார். இரண்டாவது மலை உச்சியில் பன்னிரண்டு மணிக்குக் கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குள் வந்து சேராதவர்களை வேனில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து விடுவார்கள். இரண்டு முறையும் அக்கா வேனில்தான் வந்தார்.

"வேன்ல வர்றதுகூட பரவால்ல. உள்ள உக்காந்து ஆளுக்கொரு வாழைப்பழத்த உரிச்சுக்கிட்டே காரணம் சொல்வாங்க பாரு, அதுதான் தாங்கல" என்றார் மகளிடம். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "இந்தத் தடவையும் வேன்னா, சைக்கிள வித்துடுவேன். அப்புறம் தொட மாட்டேன்" என்றார்.

மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் மாஸ்டர் அவருக்குக் கார் கற்றுத்தரப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில், "நான் ஓட்டுறதா, நீங்க ஓட்டுறதா?" என்று கேட்டுவிட்டு நடுவழியில் இறங்கிய அக்கா, இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்றார். ஏறவில்லை. சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குக்கூட பஸ்ஸில்தான் போனார். மாஸ்டர் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே காரில் போனார்.

அந்த வருடம் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். சைக்கிள் கடையில் ஒரு ரெட்டை சைக்கிள் இருந்தது. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், இருவரும் மிதிக்கலாம். கண்ணாடிக் கடையில் தன்னோடு வேலை செய்யும் தோழியைப் பின்னால் உட்காரவைத்து இருவரும் சமதளத்தில் பழகினார்கள். பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தோழி குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார்.

"அப்பா போகட்டுமே" என்றாள் மகள்.

"யாரு, நானா?"

"ஏன், உங்களுக்குக் கால் இல்லையா? தினமும் கிளட்சும் பிரேக்கும் மிதிச்சு மிதிச்சு தேக்கு மரமாட்டம் வெச்சிருக்கீங்களே."

'வேண்டாம்' என்று அக்கா மறுக்கவில்லை. அதுதான் மாஸ்டரைச் சைக்கிள் கடைக்கு இழுத்துக்கொண்டு போனது.

கடைக்காரர் சைக்கிளைக் காட்டினார். "முன்னாடி அக்கா. ஹேண்டிலும் கியரும் பிரேக்கும் அவங்க கைல. பின்னாடி உக்கார்றவருக்கு வேல மிதிக்கிறது மட்டுந்தான்."

"அப்ப வண்டி யாரு பொறுப்பு?"

"அக்கா பொறுப்பு."

"அதான் கேக்குறேன், அவ பிரேக் பிடிக்கலன்னா?"

"பிடிப்பாங்க மாஸ்டர்."

"பிடிக்கலன்னா?"

அன்றைக்குத்தான் கடைக்காரர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். கடைசியில் அவரே ஒரு வழியும் செய்தார். பின்சக்கரத்தில் தனியாக ஒரு பிரேக் கட்டி, அதன் பிடியைப் பின்னிருக்கைக்காரரின் கைக்கு எட்டும்படி வைத்தார். மாஸ்டரின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

அக்கா அதைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "ஆபத்துன்னா மட்டுந்தான் பிடிக்கணும்" என்றார்.

"பின்ன, சும்மாவா பிடிப்பேன்?" என்றார் மாஸ்டர். மனதார அப்படித்தான் நம்பினார்.

பயணத்தன்று விடிந்ததும் கூட்டத்தோடு கிளம்பினார்கள். முதல் மலை ஏற ஆரம்பித்ததுமே எல்லோரும் அவர்களை முந்தினார்கள். இளைஞர்கள் முந்தினார்கள். தொப்பைக்காரர்கள் முந்தினார்கள். ஒருவர் போனில் யாருக்கோ வீட்டுச் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே முந்திப் போனார்.

"என்னங்க, மிதிக்கிறீங்களா இல்லையா?"

"நெஞ்சு வாய்க்கு வந்துடும்போல இருக்கு. இதுக்கு மேல எத மிதிக்கிறது?"

அது பொய்யில்லை. மாஸ்டரின் பனியன் பிழிந்தால் ஒரு வாளி தேறும். அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருப்பதை அவர் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். போன வருடம் தனியாக ஏறியதைவிட அதிக நேரம் பிடித்தது. உச்சியில் தண்ணீர் குடிக்கக்கூட அக்கா நிற்கவில்லை.

இறக்கம் வந்தது. சாய்வான நல்ல ரோடு. மற்றவர்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தபடி வழுக்கிக்கொண்டு போனார்கள். இவர்கள் இருவர் மட்டும் மிதித்தார்கள். மிதிக்காவிட்டால் வண்டி நின்றுவிடும்போல இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா ஓரமாக நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுங்க."

"என்ன முடிஞ்சுது?"

"எறக்கத்துலகூட மிதிச்சாத்தான் வண்டி போகுது. இந்தக் கால்ல ஒண்ணுமே இல்ல. போன வருஷமும் இதான், அதுக்கு முந்தின வருஷமும் இதான். நான்தான் ஒத்துக்கல. வேன் வரட்டும்."

குரல் உடையவில்லை. அதுதான் மாஸ்டருக்குப் பயமாக இருந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது மூக்கில் ஒரு வாடை ஏறியது. கருகிய ரப்பர் வாடை. அவருக்கு நன்றாகத் தெரிந்த வாடை அது. வாய் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்தது.

"எவனோ ஹேண்ட் பிரேக்க எடுக்காமலே ஓட்டிட்டுப் போறான் பாரு! எத்தன தடவ சொன்னாலும்..."

சொல்லிக்கொண்டே சாலையைத் திரும்பிப் பார்த்தார். மேலே ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை. அன்றைக்கு அந்த ரோட்டில் காரே கிடையாது.

மெதுவாகத் தன் கையைப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்த விரல்கள் நான்கும் கொக்கிபோல் மடங்கியே இருந்தன. நீட்டப் பார்த்தார். நீளவில்லை. குனிந்து பின்சக்கரத்தின் வளையத்தைத் தொட்டார். தோசைக்கல்லைத் தொட்டவர்போலக் கையை உதறினார்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இனிமேல் பிடிக்காமல் இருந்துவிடலாம், 'வா, இன்னொரு தடவ பாக்கலாம்' என்று தேற்றிக் கூட்டிப் போகலாம். மாஸ்டர் ஒரு கணம் அப்படியும் நினைத்தார். ஆனால் கல்லில் உட்கார்ந்திருந்தவர் தன் காலை அடியோடு கைகழுவிவிட்டார். தேற்றினால் எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர்.

"உன் கால் இல்ல" என்றார் மாஸ்டர். "என் கை."

"என்ன கை?"

மடங்கிய விரல்களை அப்படியே நீட்டிக் காட்டினார். அக்கா அதைப் பார்த்தார். எழுந்து வந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்போலேர்ந்து?"

"காலைலேர்ந்துதான் இருக்கணும். சத்தியமா எனக்கே தெரியலம்மா."

வாங்கு வாங்கென்று வாங்கப் போகிறார் என்று மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்து பார்த்தால், அக்காவின் கண் நிறைந்திருந்தது, உதட்டில் சிரிப்பு துடித்தது.

"அப்போ... என் காலு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாவா? பிரேக் பிடிச்ச வண்டிய, அதுவும் என்னயும் வெச்சுக்கிட்டு, ஒரு மலை ஏத்தியிருக்கே!"

அக்கா சிரித்த சிரிப்பில், கடந்து போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்து வேலியில் மோதப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் கையுறையால் கணவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "மிச்சம் வீட்டுக்குப் போய்."

"இத இப்பவே கழட்டு" என்றார் மாஸ்டர்.

"இருக்கட்டும், கைய மட்டும் வெக்காதீங்க."

"இருந்தா கை தானா போகும். என்னப் பத்தி எனக்குத் தெரியும். கழட்டு."

"இன்னும் எறக்கம் இருக்கு. உங்களுக்குப் பயம்."

"பயந்தான். யாரு இல்லன்னா? கழட்டும்மா."

மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கிற அந்தக் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நாலு திருகில் பிடி கையோடு வந்தது. மாஸ்டர் அதை வாங்கி முதுகுப் பையில் போட்டுக்கொண்டார். ஆளைப் பறிகொடுத்தவர்போல வெறுங்கையோடு ஏறி உட்கார்ந்தார்.

வண்டியை விட்டதும் அது பாய்ந்தது. முதல் வளைவில் மாஸ்டர் கட்டைபோல் விறைத்து நிமிர்ந்தார். சைக்கிள் திரும்ப மறுத்து ரோட்டின் ஓரம்வரை போய் வந்தது.

"நான் சாயுற பக்கம் சாயுங்க! எதிர்த்து நிமிர்ந்தா வண்டி திரும்பாது!"

"முன்கூட்டியே சொல்லு!"

"இப்போ இடது. தோள விடுங்க. விடுங்கன்னா விடுங்க. கீழ பாக்காதீங்க, தூரத்துல பாருங்க."

"தூரத்துல உன் முதுகுதான் இருக்கு!"

"அப்ப முதுகப் பாருங்க!"

இரண்டாவது மலையில் காலையில் முந்தியவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். சாவி இருக்கும் இடத்தைச் சொன்னவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். உச்சி தெரிந்தபோது வேனின் கதவு திறந்திருந்தது. ஒருவர் கயிற்றின் ஒரு முனையைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்.

"தள்ளுங்க! பிரேக் இல்ல!" என்று அலறினார் மாஸ்டர்.

தன் கையில் இல்லை என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். கயிற்றுக்காரர் கயிற்றை விட்டுவிட்டுக் குதித்தார். பன்னிரண்டு ஆக இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். வேன் கதவைத் தாண்டும்போது அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாவது மலையைப் பற்றி மாஸ்டர் அதிகம் சொல்லமாட்டார். ஓர் இடத்தில் இறங்கித் தள்ளினார்கள், அவ்வளவுதான்.

பிறகு காடு வந்தது, அந்த இறக்கம் வந்தது.

பின்னால் இருந்தவருக்கு ரோடு தெரியாது. மரங்கள் இருபுறமும் பச்சைக் கோடாக ஓடின. 'மெதுவா' என்ற சொல் தொண்டைவரை வந்தது. விழுங்கினார். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினார். மூன்று நான்கு வளைவு போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், பிரேக் பிடிப்பதற்கும் முன்னால், அக்காவின் ஒரு தோள் ஒரு நூல் அளவு இறங்கும். இறங்கிய பக்கம் வண்டி திரும்பும். அதன் பிறகு அவர் அந்தத் தோளை மட்டுமே பார்த்தார். அது இறங்கினால் இவரும் அதே பக்கம் சாய்ந்தார். எந்த வளைவிலிருந்து அவர் பயப்படாமல் இருந்தார் என்று கேட்டால், "கடைசிவரைக்கும் பயந்துட்டேதான் இருந்தேன், ஆனா கூடவே சாஞ்சேன்" என்பார்.

நடுவில் அக்கா கத்தினார். பள்ளமோ பாறையோ என்று மாஸ்டருக்கு உயிர் போய்விட்டது. இரண்டாவது முறை கத்தியபோதுதான் புரிந்தது, அது சந்தோஷத்தில் வந்த சத்தம். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

அடிவாரத்தில் வண்டி நின்றது.

"என்னங்க, மூச்சுபேச்சையே காணோம்? இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார் மாஸ்டர். ஹெல்மெட்டைக் கழற்றியபடி, "நல்லா ஓட்டினே" என்றார்.

பாக்கி இருந்த சமதளத்தை நிதானமாக மிதித்து, நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். முடிவிடத்தில் அக்கா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். மாஸ்டர் மட்டும் கூடாரம் கூடாரமாகப் போய், தான் எப்படிப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஒரு மலையை ஏறினேன் என்று முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கும், புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே இந்தக் கதைதான். சொல்லும்போது அவர் கால் அந்த இரண்டாவது பிரேக்கின் மேல்தான் இருக்கிறது. அதை அவரே காட்டிச் சிரிக்கிறார்.

தன் காலில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் வீட்டிலும் உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் தயவுசெய்து இரண்டு முறை சொல்லுங்கள்.