அப்பாசாமி வளைத்த சிவப்பு அம்பு

காஜா பேராங் பகுதியில் குடியிருந்த ஜெயபாலன், மலாக்கா டவுனில் ஒரு சினிமாக் கொட்டகையின் நியான் விளக்குகளைப் பராமரித்து வந்தவர். கூட்டாளி அப்பாசாமி கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, வாயால் ஊதி வளைப்பார். மின்சார வேலை ஜெயபாலனுடையது. போரில் ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்ததும் ஆங்கிலப் பெயர்ப்பலகையைக் கழற்றச் சொன்னார்கள். டிக்கெட் கவுண்டரைக் காட்டும் சிவப்பு அம்பு மட்டும் மிஞ்சியது.

அடுத்த வருடம், தடையை மீறி யாருக்கோ ரேடியோ பழுதுபார்த்துக் கொடுத்தார் என்று அப்பாசாமியை ஜப்பானிய ராணுவப் போலீஸ் பிடித்துப் போனது. அவர் திரும்பவில்லை. அவர் மனைவி சாரதாம்பாள் மாலையில் வந்து அந்த அம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“அவரு மூச்சு அதுக்குள்ளாற இருக்குண்ணே. எரியுற வரைக்கும் அவரும் இருப்பாரு.”

குழாயிலிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு நியானை நிரப்பியவர் ஜெயபாலன்தான்.

குழாயின் முனைகள் கறுத்துக்கொண்டு வந்தன. உள்ளே மின்சாரம் பாயும்போது வாயு அணுக்கள் சில எலக்ட்ரானை இழந்து அயனிகளாகி, எதிர்மின்முனையை நோக்கி ஓடும். முனையை ஒட்டிய குறுகிய இருண்ட இடைவெளியில் அவற்றுக்கு வேகம் கூடிவிடும். மோதுகிற மோதலில் உலோகம் பெயர்ந்து கண்ணாடியில் கறுப்பாகப் படியும். வாயுவும் அதில் சிக்கிக் குறையும். மின்சாரம் கூடினால் அடியும் பலமாக விழும். ஜெயபாலன் யாருக்கும் சொல்லாமல் மின்சாரத்தைக் குறைத்து வைத்தார். அம்பு மங்கலாக எரிந்தது. அதன் ரீங்காரம் யாரோ வாயால் ஊதுவதுபோல் அவருக்குக் கேட்கத் தொடங்கியது. விளக்கை அணைத்த பிறகும் கேட்டது.

ஒரு நாள் டிக்கெட் கிழிக்கும் யூசுப் வந்தார்.

“பெரிய அதிகாரிங்க வராங்களாம், பாலன். அம்பு மங்கலா இருக்குன்னு ஏசுறாங்க. கூட்டிடு.”

“கூட்டினா போயிடும், பாய்.”

“கூட்டலைன்னா நீ போயிடுவ.”

கூட்டினார். அம்பு பளிச்சென்று எரிந்தது. அதிகாரிகள் படம் பார்த்துக்கொண்டிருக்கையில் அதன் ஒளி துடித்து, முனையோரம் சுருங்கி, அணைந்தது.

மறுநாள் சாரதாம்பாள் இருண்ட குழாயின் கீழ் வெகுநேரம் நின்றாள்.

“எப்பண்ணே?”

“நேத்து.”

“வலிச்சிருக்குமா?”

அதன்பின் அவள் பொட்டு வைக்கவில்லை.

போர் முடிந்ததும் நியான் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஜெயபாலன் மறுத்துவிட்டு பஸ் பட்டறையில் சேர்ந்தார். பக்கத்துச் செமாபோக் பகுதியில் தையல் வேலை பார்த்த சாரதாம்பாள் எதிர்ப்பட்டால், “சாப்ட்டீங்களாண்ணே?” என்பாள். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு விரைவாக நடப்பார்.