ஓமனா அறுத்த அம்பாசிடர்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஓமனாவைத் தெரியாதவர்கள் கிடையாது. காலை ஏலத்தில் மீன் எடுத்து, லோடு ஆட்டோவில் ஏற்றி, புதுக்கடை, கருங்கல் என்று ஊர் ஊராகப் போய் விற்பவள். ஐஸ் குறைத்துப் போட்டவனிடமோ, கெட்ட மீனை அடியில் வைத்துத் தள்ளியவனிடமோ அவள் கத்திச் சண்டை போடமாட்டாள். 'சரி, பாத்துக்கிடலாம்' என்று தலையாட்டிவிட்டுப் போவாள். பார்த்துக்கொள்ளும் நாள் எதுவென்று அவளுக்கு மட்டும் தெரியும். அந்த நாள் வராமல் போனதில்லை.

பிறப்பால் அவள் கடற்கரைக்காரி அல்ல. கருங்கல்லுக்கு உள்ளே ஒரு புராட்டஸ்டன்ட் சபை ஊரில், மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் ஜெபமணியின் மகள். ஜெபமணியிடம் கறுப்பு நிறத்தில் ஒரு மார்க் ஒன் அம்பாசிடர் இருந்தது. ஸ்டீரிங்கை ஒட்டியே கியர் வைத்த பழைய கார். அந்த ஊரில் கார் என்றால் அதுதான். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அதில் ஏறித்தான் கல்யாணத்துக்குக் கோயிலுக்குப் போனார்கள். ஜெபமணி யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை.

அவர் இறந்த பிறகு சாவி மூத்த மகன் ஆபேலின் கைக்குப் போனது. ஓமனா கடற்கரைக் கத்தோலிக்கனான கிளீட்டஸைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது ஆபேல் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டான்.

"கடப்புறத்துக்குப் போயிட்டு வந்தா சீட்டுல மீன் வாட பிடிச்சிரும். பின்ன அது போவுமா? பஸ்ஸு ஓடுதில்லியா, அதுல போ."

கல்யாணப் பட்டும் தலை நிறையப் பூவுமாக ஓமனா டவுன் பஸ்ஸில் போனாள். காலி அலுமினியச் சருவத்தோடு உட்கார்ந்திருந்த மீன்காரி ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். பஸ் புறப்பட்டபோது ஜன்னல் வழியாக வீட்டுக் கார்ஷெட் தெரிந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. ஆபேல் அன்று காலையில் காரைக் கழுவித் துடைத்து, வாசலைப் பார்க்க நிறுத்தியிருந்தான். ஓமனாவால் மன்னிக்க முடியாமல் போனது சாவியைக்கூட அல்ல, அந்தக் கழுவலைத்தான்.

அதற்குப் பிறகு கிளீட்டஸ் சவூதியில் தம்மாமுக்குப் போய்ப் பல வருஷம் வெல்டிங் வேலை பார்த்துத் திரும்பினான். ஓமனாவின் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஆபேலின் மகள் ஜெப்சிக்குக் கோயம்புத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. தாத்தாவின் காரில்தான் பெண்ணை அழைப்பது என்று ஆபேல் ஊரெல்லாம் சொல்லிவைத்தான். வண்டியை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் எஞ்சினைப் பிரித்துக் கோத்து ஓட வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். சபைச் செயலாளர் அல்லவா, ஒரு படி மேலே போனான். அறுப்பின் பண்டிகையில் அந்தக் காரைக் காணிக்கையாகக் கொடுத்தான்.

அந்தச் சபையில் காணிக்கை கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. வாழைக்குலை, தேங்காய், கோழி என்று கொண்டுவந்ததை எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். பெரிய பொருள் கொடுத்தவர் அதைத் தானே கூட்டிக் கேட்டு எடுத்துக்கொள்வார். கொடுத்த பேரும் கிடைக்கும், எடுத்த பேரும் கிடைக்கும். மற்றவர்கள் மரியாதைக்கு ஒன்றிரண்டு தடவை விலை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். யாரும் எழுதி வைக்காத இந்த ஒழுங்கை நம்பித்தான் ஆபேல் காரைக் கோயில் முற்றத்தில் கொண்டு நிறுத்தினான்.

ஏலத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதை அவன் மறந்துவிட்டான். தினமும் ஏலத்தில் நின்று பிழைக்கும் ஒருத்தி தனக்குத் தங்கையாக இருக்கிறாள் என்பதையும்.

பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையிலிருந்து ஓமனாவின் குரல் கேட்டது. ஆபேல் கூட்டினான். அவளும் கூட்டினாள். முதலில் ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆபேல் விலை சொல்வதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கினான். ஓமனா வாங்கவில்லை. மாடி கட்டுவதற்கென்று போட்டிருந்த சீட்டு முழுவதும் அன்றைக்கு அவள் கையில் இருந்தது. கடைசியில் ஆபேலின் மனைவி லீலாபாய் எழுந்து வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போதகர் மைக்கில் ஸ்தோத்திரம் சொன்னார். அத்தனை பேர் பார்க்க ஆபேல் கார்த் தாள்களில் கையெழுத்துப் போட்டான்.

கிளீட்டஸ் காரைக் கண்டதும் கல்யாணப் பையனைப்போல ஆகிவிட்டான். போனட்டைத் தடவினான். கியரை மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"ஏட்டி, இதுக்க மதிப்பு தெரியுமா உனக்கு? கொச்சியில ஒருத்தன் இதுக்குன்னே அலையுதான். கேட்ட விலை தருவான்."

"விக்கதுக்கு எடுக்கல்ல."

"பின்ன? ரெண்டு பேரும் ஏறிச் சுத்துவோமா?"

"பின்னால வெட்டி எடுங்க. மீன் கொண்டுபோவதுக்கு."

கிளீட்டஸ் அவளைப் பார்த்தான். அவள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் முற்றத்துத் தென்னையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "உங்க அப்பாக்க காருடீ. பாவம் பிடிக்கும். போலீஸும் பிடிக்கும்."

"போலீஸுக்குப் பேப்பர் மாத்த எழுதிக் குடுத்தாச்சு. பாவத்த நான் பாத்துக்கிடுதேன்."

வீட்டுப் பின்புறத்தில் வேலை தொடங்கியது. லாரிக்கு இருப்பதுபோல அம்பாசிடருக்கு அடியில் தனிச் சட்டம் கிடையாது, கூரையும் சேர்ந்துதான் உடம்பைத் தாங்குகிறது என்று கிளீட்டஸ் சொன்னான். அடியில் இரும்புச் சேனல் வைத்துப் பற்ற வைத்த பிறகுதான் கூரையில் கை வைக்கவேண்டும். சேனல் வர இரண்டு மூன்று நாளாகும். ஓமனாவுக்கு அதுவரை பொறுமை இல்லை. இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு அந்த இரண்டு மூன்று நாளைப் பொறுக்க முடியவில்லை. கிளீட்டஸ் உள்ளே ஏறிப் பின்சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் கிரைண்டரை எடுத்தாள். அவன் இல்லாத நாட்களில் வீட்டுக் கம்பிகளை எல்லாம் அவளே அறுத்துப் பழகியிருந்தாள். முன்கதவுக்குப் பின்னால் கூரையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனாள். தீப்பொறி முகத்துக்கு நேரே பறந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பற்களை இறுகக் கடித்திருந்ததால் தாடைதான் வலித்தது.

கூரையைத் தாங்கிய மறுபக்கத் தூணும் அறுந்தபோது கார் ஒரு முனகல் முனகி நடுவில் தொய்ந்தது. நான்கு கதவுகளும் இறுகிப் பிடித்துக்கொண்டன.

"எட்டி சவமே! நான் உள்ள இருக்கேன்!"

கிளீட்டஸ் கதவை உதைத்தான். அது அசையவில்லை. கண்ணாடி இறக்கிய ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். வயிறு மாட்டிக்கொண்டது.

"அண்ணன்மேல உள்ள வெறியில மாப்பிளைய அடக்கம் பண்ணப் பாத்தியா?"

"வயித்த எக்கி வாருங்க. தம்மாமுக்குப் போம்ப இந்த வயிறு இல்ல."

ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவைத் தூக்கி நிறுத்தவே ஒரு வாரம் போனது. பிறகு கிளீட்டஸ் சேனலை வைத்துப் பற்ற வைத்தான். பின்கண்ணாடியைக் கொண்டுவந்து முன்சீட்டுக்குப் பின்னால் பொருத்தினான். பின்சீட்டும் டிக்கியும் இருந்த இடம் தகரத் தட்டு போட்ட தொட்டியாயிற்று. ஐஸ் தண்ணீர் வடிய ஓட்டை போட்டான். டிக்கி மூடியே கீழே திறக்கும் பின்கதவாக மாறியது. யாரோ மீன்பிடி வள்ளத்துக்கு அடித்து மீந்த நீலப் பெயிண்டை ஓமனா தன் கையாலேயே கறுப்பின்மேல் பூசினாள்.

பூச்சு காய்ந்துகொண்டிருந்த ஒரு மாலையில் ஆபேல் வந்தான். கையில் கல்யாணக் கார்டு இருந்தது. ஓமனா நாற்காலி போட்டாள், சாயா கொடுத்தாள், லீலாபாயின் முட்டுவலி பற்றிக் கேட்டாள். அவன் சாயாவைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஓமனா, நடந்தது நடந்துபோச்சு. பிள்ளைக்கு ஆசை. ஒரு நாளைக்கு வண்டியத் தா. கழுவித் திருப்பித் தாறேன்."

"அதுக்கென்ன. வாருங்க, பாருங்க."

வீட்டின் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்த் தார்ப்பாயை உருவினாள். ஆபேல் வண்டியைச் சுற்றி வந்தான். கூரை இருந்த இடத்தில் கையை நீட்டி வெறும் காற்றைத் தொட்டான்.

"அப்பாக்க காரு..."

"அப்பாக்க காருதான். சபைக்குக் குடுத்தது நீங்கதானே."

அவன் முகத்தை அவள் நிதானமாகப் பார்த்தாள், மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல. ஆபேல் கார்டை போனட்டில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"கல்யாணத்துக்கு வருவேன் அண்ணா," என்று பின்னாலிருந்து சொன்னாள். "இதிலதான் வருவேன்."

சொன்னபடியே வந்தாள். துறைமுகத்திலிருந்து நேராக, பட்டுச்சேலையில், தொட்டி நிறைய ஐஸும் மீனுமாக. ஆபேல் பெண்ணுக்கென்று வாடகைக்கு எடுத்த வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் கோயில் முற்றத்தில் நிறுத்தினாள். ஆபேல் கூனிக் குறுகி நிற்பதைக் காணத்தான் வந்திருந்தாள். ஆனால் மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு படம் பிடித்தார்கள். ஜெப்சியே முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "மாமி, வண்டி சூப்பர்!" என்று அவள் கன்னத்தில் முத்தமிட்டாள். அந்தப் பிள்ளையிடம் ஓமனாவுக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் அடுத்து ஆபேல் வந்தான். போனட்டில் கையை ஊன்றிக்கொண்டு சம்பந்திக்காரர்களிடம் சொன்னான்:

"எங்க அப்பாக்க வண்டியாக்கும். குடும்பத்துல ஒரு புதுமையா இருக்கட்டும்னு நாங்க இப்படி மாத்தினோம்."

நாங்க!

ஆராதனை முழுவதும் ஓமனா ஒரு பாட்டும் பாடவில்லை. போதகர் என்ன சொன்னார் என்பதும் காதில் விழவில்லை. ஆசீர்வாதம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது அவள் முந்திப் போய்ப் பின்கதவை இறக்கினாள். தார்ப்பாயை ஓரமாகச் சுருட்டினாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, கருங்கல் சந்தியில் கூவும் அதே குரலில் கூவினாள்:

"சாளேய்... அயலேய்... நெய்மீன் இருக்கு, வாங்கோ!"

ஊர்ப் பெண்கள் ஒரு நிமிஷம் திகைத்தார்கள். இரண்டாம் நிமிஷம் பட்டுச்சேலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வெயிலில் வாடை எழுந்தது. பிரியாணி பரிமாற நின்றவர்கள் பந்தலுக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆபேல் விரைந்து வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னான்: "மூடு. மானம் போவுது."

"யாருக்க மானம்? நாம சேந்து மாத்தின வண்டியில்லியா அண்ணா?"

அவன் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஏனுங் சம்பந்தி, எங்கூர்ல இப்படி மீன் எங்கீங்க கிடைக்குது? சாயங்காலம் வேன்ல போறப்ப எடுத்துட்டுப் போயிடறனுங்க. நல்லதாப் பார்த்துச் சொல்லுங்க."

ஆபேல் சிரிக்கவேண்டியிருந்தது. சிரித்தான்.

"நல்லதாத் தாறேன் அம்மா," என்றாள் ஓமனா. பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை உதறி அண்ணனின் முன்னால் நீட்டினாள். "வாய விரிச்சுப் பிடிங்க அண்ணா. ரெண்டு கையாலும்."

சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபேல் பையை வாங்கி விரித்துப் பிடித்தான்.

ஓமனா ஒவ்வொரு மீனாக எடுத்தாள். செவுளைத் தூக்கிச் சம்பந்தியம்மாவுக்குக் காட்டினாள், திருப்பிக் காட்டினாள், பிறகு பைக்குள் போட்டாள். ஐஸ் தண்ணீர் ஆபேலின் கை வழியே இறங்கிப் பட்டுவேட்டியில் சொட்டியது. பந்தலில் இருந்து யாரோ அவனைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். அவள் அவசரப்படவில்லை.